மோமோசேயின் வலது கை

ஜனவரி 9, வியாழன்

ஊர் நூலகத்தில் ஒரு பெரிய மனுஷியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானுக்கு, இந்த மாட்சுமோட்டோ ஊருக்கு, வந்து பதினாலு மாதம் ஆகிறது. குளிர்காலத்தில் நூலகத்தில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், நான் போவது அதற்காக. இன்று கீழ்த்தளத்தில் மரச்செதுக்குப் படங்கள் மாட்டியிருந்தார்கள். பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, மேலே காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுக்கிற படங்கள். ஒன்றில் இலை உதிர்ந்த மரமும் உச்சியில் நாலைந்து ஆரஞ்சு நிறப் பழங்களும். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இரண்டாம் முறை பார்த்தபோது இடது ஓரத்துப் பழத்தில் கண் நின்றுவிட்டது. ஆரஞ்சு, கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே போயிருந்தது.

சிவகாசியில் காலண்டரும் லேபிளும் அடிக்கிற அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் தாள் பார்த்தவள் நான். சரஸ்வதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிட்டதா என்று பார்ப்பதுதான் வேலை. வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காருவதை எங்கள் ஊரில் ரிஜிஸ்டர் என்போம். விரலை நீட்டி, பக்கத்தில் நின்ற அம்மாளிடம் எனக்குத் தெரிந்த ஜப்பானியில், "இது விலகியிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பையிலிருந்து லென்ஸ் எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது. படத்தை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெண் ஓடி வந்து விளக்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் படங்களைப் போட்டதே அவர்தான்.

வீட்டுக்காரர் கதிரேசனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

"இங்கயும் வந்து வேஸ்ட் கழிக்க ஆரம்பிச்சிட்டியா வல்லி?" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கலுக்காக இவர் அரை நாள் லீவு போட்டிருந்தார். பால் பொங்கி வருகிற நேரத்தில் வாசல் மணி. திறந்தால் அதே அம்மாள். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய கட்டு. நூலகத்துப் பெண்ணிடம் விசாரித்து வந்திருக்கிறார். இந்த ஊரில் பொட்டு வைத்த பெண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டைப் பிரித்து எட்டுப் படங்களைத் தரையில் பரப்பி, லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"இதையும் பாருங்க."

பார்த்தேன். இரண்டைத் தள்ளி வைத்தேன். அவர் அவற்றைத் திருப்பிக் காட்டினார். அந்த இரண்டின் முதுகில் மட்டும் பென்சிலில் பெருக்கல் குறி இருந்தது. கள்ளி, என்னைச் சோதித்திருக்கிறார்.

பெயர் மோமோசே சுமிகோ. வயது ஐம்பத்து நாலு, எனக்கு ஐந்து வயது மூத்தவர். டோஃபு கடைக்குப் பின்னால் தனியாக இருக்கிறார். பாதி எனக்குத் தெரிந்த ஜப்பானி, மீதி போனில் மொழிபெயர்ப்பு என்று பேசிக்கொண்டோம். அவர் பேசுவதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது. வல்லி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, "பாரி சான்" என்கிறார், "சான்" மரியாதைக்கு. இருந்துவிட்டுப் போகட்டும்.

சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது, "இவ்வளவு கண்ணை வச்சுக்கிட்டு ஏன் அச்சகத்த விட்டீங்க?" என்றார்.

நானாகத்தான் நின்றேன் என்றேன். இவர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு மோமோசே வீட்டுக்குப் போனேன். வகுப்பை டிசம்பரோடு விட்டுவிட்டேன். தினமும் எழுந்து நின்று, என் பெயர் இன்னது, எனக்கு மீன் பிடிக்காது என்று சொல்லச் சொல்கிறார்கள். இதை இவரிடம் சொல்வதில் கஷ்டமில்லை. மோமோசே வீட்டுக்குப் போவதைச் சொல்வதில்தான் கஷ்டம். எங்கள் வீட்டில் அச்சு என்று பேச்செடுத்தால் இரண்டு பேரும் உடனே வானிலை பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

வேலை செய்கிற அறையில் கால் வைக்க இடமில்லை. பெரிய படம் ஒன்றில் இருக்கிறார். குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்கள் ஊறுகாய்க்குக் கீரை கழுவுவார்கள், வெந்நீர் ஊற்றுத் தொட்டியில். மூன்று பெண்களின் முதுகு, குவியலாகக் கீரை, மேலே ஆவி. ஆறு வண்ணம். ஆறுக்கும் ஒரே பலகைதான். முதல் வண்ணத்தை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, பலகையில் கொஞ்சம் செதுக்கி எடுத்து, அடுத்த வண்ணத்தை அதே தாள்களில் மேலே அடிப்பார். மறுபடி செதுக்குவார், மறுபடி அடிப்பார். செதுக்கிப் போனது போனதுதான், திரும்பி வராது. படம் முடியும்போது பலகையில் கொஞ்சம்தான் மிஞ்சும். முதலில் எடுத்துக்கொண்ட முப்பது தாளுக்கு மேல் ஒரு தாள்கூட இனி யாராலும் போட முடியாது. எங்கள் முதலாளி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இரண்டு வண்ணம் முடிந்திருக்கிறது. தாள்கள் ஈரமாகவே இருக்கவேண்டும், காய்ந்தால் சுருங்கி அளவு மாறிவிடும். வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். அதனால் முப்பது தாளையும் பிளாஸ்டிக்கில் சுற்றி ஃப்ரீசரில், கானாங்கெளுத்திக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மார்ச் 8 டோக்கியோவில் கண்காட்சி. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவருக்குத் தனிக் கண்காட்சி, இந்தப் படம்தான் நடுச்சுவரில்.

பழைய காலத்தில் இங்கே வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவராம். நூறு வருஷத்துக்கு முன்னால் சில பேர் அது வேண்டாம், எல்லாம் ஒரே கை செய்தால்தான் அது என் படம் என்று கிளம்பினார்களாம். மோமோசே அந்த வழி. கண்காட்சி அட்டையில் எப்போதும் ஒரே வரி: வரைந்தது, செதுக்கியது, அச்சிட்டது மோமோசே சுமிகோ.

"முப்பது வருஷமா என் தாளை வேற கை தொட்டதில்ல" என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி 27, திங்கள்

குப்பை போடுகிற நாள். தெருமுனையில் பையை வைத்துவிட்டுத் திரும்பினால், மோமோசே பனிக்கட்டியில் கால் வழுக்கிக் கிடக்கிறார். குப்பைப் பை இடது கையில் பத்திரமாக இருக்கிறது, வலது மணிக்கட்டு பார்க்கக் கூடாத கோணத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

டாக்டர் சொல்லச் சொல்ல மோமோசே விரல்விட்டு வாரத்தை எண்ணினார். மார்ச் 10 வந்தது. வலியில் ஒரு சத்தம் போடாதவருக்கு அப்போது கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஜனவரி 29, புதன்

கண்காட்சிக் கூடத்துக்காரர் நிஷிமுரா போனில் பேசினார். டோக்கியோவில் நல்ல அச்சிடுபவர் இருக்கிறார், பலகையையும் தாளையும் அனுப்பிவிடுங்கள் என்கிறார். மோமோசே "மாட்டேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர் காலண்டர் ஒண்ண நாப்பது பேர் தொடுவாங்க. அதுவும் படந்தான்" என்றேன்.

"அதுல யாரு பேரு இருக்கும்?"

"முதலாளி பேரு."

"அதத்தான் சொல்றேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். வரும் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

இட்லி கொண்டுபோனேன். இடது கையால் குச்சி பிடிக்க வரவில்லை, ஐந்து நாளாக வாழைப்பழத்தில் ஓட்டியிருக்கிறார். கையாலேயே சாப்பிடுங்கள் என்றேன். சந்தோஷமாக இடது கையால் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து ஏழு இட்லி சாப்பிட்டார். இடது கையால் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று குனிந்து வணங்கினார், என் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"செதுக்குறத எடது கையால நானே செதுக்கிருவேன். மெதுவா வருது. தேய்க்கத்தான் பலம் வேணும். உங்க கைய மட்டும் குடுங்க. நான் சொல்ற எடத்துல வைக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். யோசிக்கக் கூடாது."

அப்படியானால் அது அவர் கைதான் என்று கணக்கு வைத்திருக்கிறார். கேட்கச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. சரி என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

மூன்றாவது வண்ணம், இளம் சாம்பல் நீலம். பலகையில் வண்ணமும் அரிசிப் பசையும் தெளித்துக் குதிரைமுடித் தூரிகையால் பரப்ப வேண்டும். தாளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். பலகையின் மூலையில் பள்ளமாக ஒரு காடி, பக்கத்தில் ஒரு காடி வெட்டியிருக்கிறார். தாளின் மூலையும் ஓரமும் அந்த இரண்டு காடிகளில் போய் உட்கார்ந்தால் ரிஜிஸ்டர் சரி. பிறகு மூங்கில் மட்டை சுற்றிய தட்டையான தேய்ப்பானால் முதுகில் தேய்க்கவேண்டும். பாரென் என்கிறார்கள்.

முதல் தாளில் கை தன்பாட்டுக்கு நடுவிலிருந்து வட்டமாகப் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் வானத்தில் வட்டம் வட்டமாக ஒரு தோசை. மோமோசே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தாளில் பயத்தில் அழுத்தவே இல்லை, நீலம் திட்டுத் திட்டாக வந்தது. இரண்டும் போயிற்று. மூன்றாவதிலிருந்து கொஞ்சம் பிடிபட்டது.

இருபத்தெட்டு.

பிப்ரவரி 6, வியாழன்

தோளைத் தூக்க முடியவில்லை. இவரிடம் வகுப்பில் நிறைய எழுதச் சொல்கிறார்கள் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நாலாவது வண்ணமும் முடிந்தது, கீரையின் பச்சை. லென்ஸ் வைக்காமல் பார்த்தவரை ஒரு தாளும் வீணாகவில்லை. மோமோசே பக்கத்தில் நின்று "இன்னும் மேல, அங்க ரெண்டு தடவ, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசிப் பத்துத் தாளில் அவர் சொல்லும் முன்பே கை போயிற்று. அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அவர் செதுக்கும்போது பார்ப்பது எனக்குப் பிடிக்கிறது. இடது கை என்பதால் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார். நாக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆவி இருக்கிற இடத்தில் உளி கொஞ்சம் நடுங்கிப் போகிறது. வலது கையென்றால் கோடு நேராக வந்திருக்கும் என்று அலுத்துக்கொள்கிறார். ஆவி என்றைக்கு நேராகப் போயிருக்கிறது என்று கேட்டேன். யோசிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா என்றார்.

சாயங்காலம் இவர் என் நகத்தைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் பச்சை போகவில்லை.

"ஒங்க டீச்சர் இலை தழையெல்லாம் வச்சுப் பாடம் நடத்துறாங்களோ?"

"ஆமா."

"நல்ல டீச்சர்" என்று டிவியைப் போட்டார்.

பிப்ரவரி 19, புதன்

எழுதவே கை வரவில்லை. காடி போய்விட்டது.

நடந்தது இதுதான். ஐந்தாவது வண்ணத்துக்காக மோமோசே செதுக்கிக்கொண்டிருந்தார். நான் தாள்களை வெளியே எடுத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை தலைகீழாக இருக்கிறது. முப்பது வருஷமாக அவர் கைக்குத் தெரியும், தன் பக்கத்து வலது மூலையில் காடி, எதிர்ப்பக்கத்து மூலை வெறும் கழிவு, யோசிக்காமல் வெட்டித் தள்ளலாம் என்று. கழிவுதான் என்று எதிர்ப்பக்கத்து மூலையைப் பெரிய உளியால் இரண்டு இழுப்பில் சுத்தமாக எடுத்துவிட்டார். பலகை திரும்பியிருப்பதால் அங்கேதான் காடி இருந்தது. சிராய் சிராயாகத் தரையில் கிடந்தது.

புது மரத்துண்டு ஒட்டி வேறு காடி வெட்டலாம். ஆனால் பழைய இடம் எது என்று அரை மயிரிழைக்குச் சரியாக யாருக்குத் தெரியும்? முந்தின வண்ணத்தைச் செதுக்கி எடுத்தாயிற்று, ஒத்துப் பார்க்க அது பலகையில் இல்லை. கொஞ்சம் தப்பினாலும் இருபத்தெட்டுத் தாளிலும் மூன்று பெண்களும் தங்கள் உடம்பைவிட்டு ஓரமாக நகர்ந்துவிடுவார்கள்.

மோமோசே சிராய்களைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். தாள்களைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். "நாளைக்கு வராதீங்க" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

போனேன். கதவைத் திறக்கவில்லை. ரசத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று அச்சகத்து ஊசி ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லச்சு மெஷின் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காடியும் கிடையாது, கம்பியும் கிடையாது. தாளில் இரண்டு புள்ளியில் ஊசியால் குத்தி, அந்த ஊசியோடு தாளைத் தூக்கி, கல்லில் இருக்கிற அதே இரண்டு புள்ளியில் ஊசி முனையை நிறுத்தித் தாளை இறக்குவார்கள். இரண்டு புள்ளி ஒத்துவிட்டால் முழுத் தாளும் ஒத்துவிடும்.

தையல் ஊசி இரண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரசப் பாத்திரம் காலியாகக் கழுவி வாசலில் இருந்தது. கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் டோஃபு கடைக்காரர் எட்டிப் பார்த்த பிறகு வெட்கப்பட்டுத் திறந்தார்.

பலகையை லென்ஸில் பார்த்தேன். இடது பெண்ணின் தலைத்துணி முடிச்சு, தொட்டியின் வலது கோடி. இரண்டும் தாளிலும் இருக்கிறது, பலகையிலும் இன்னும் நிற்கிறது, கடைசிக் கருநீலம் இரண்டையும் மூடிவிடும். அதனால் துளை தெரியாது. தாளில் அந்த இரண்டு இடத்திலும் ஊசியைக் குத்தித் தூக்கி, முனைகளைப் பலகையின் அதே இரண்டு புள்ளியில் நிறுத்தினேன். இறக்கினேன், ஊசிகளை உருவினேன், தேய்த்தேன், உரித்தேன்.

லென்ஸை நான் தொடவில்லை. அவரே பார்க்கட்டும் என்று கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"விலகல" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. ஈரத்துணியை என் கையில் கொடுத்து, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 22, சனி

ஐந்தாவது வண்ணம், கரும்பழுப்பு. இருபத்தெட்டும் ஊசியில்தான். மோமோசே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இங்கே தேய், அங்கே நிறுத்து என்று எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டுச் செய்தேன், அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்பும்போது கேட்டே விட்டேன். "என்மேல கோவமா?"

"கைய மட்டுந்தான் கேட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. மூளையை வீட்டில் வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போனை அவர் பக்கம் நீட்டவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டில் பாத்திரத்தை நான் வைத்த சத்தத்தில் இவர் எழுந்து வந்தார்.

"டீச்சரோட சண்டையா?"

"எந்த டீச்சர்?"

"வல்லி, அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்குத்தானே போன் பண்ணுனாங்க, வந்தவங்களுக்கு உறவு என்னன்னு கேட்டு. எனக்கு எல்லாம் தெரியும். வகுப்புலேர்ந்தும் டிசம்பர்லயே கடுதாசி வந்துருச்சு."

ஒரு மாதம் இந்த மனுஷன் என் பச்சை நகத்தைப் பார்த்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி இருந்திருக்கிறார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நடந்ததையெல்லாம் கொட்டினேன். காடி, ஊசி, எல்லாம். கேட்டுவிட்டு இவர் வானிலை பேசவில்லை. வேறு ஒன்று பேசினார்.

இங்கே எழுதிவிடுகிறேன். நானாக அச்சகத்தை விட்டேன் என்பது முழு உண்மை இல்லை. தாள் பார்க்க முதலாளி ஒரு கேமரா மெஷின் வாங்கினார். அதைப் பூட்டியது அச்சகத்து மெக்கானிக் கதிரேசன். பூட்டின நேர்த்தியைப் பார்த்துத்தான் மெஷின் கம்பெனி இவரை ஜப்பானுக்கு அழைத்தது. ஓட்டிப் பார்த்த வாரத்தில் மீனாட்சி அம்மன் காலண்டரில் கிளியின் பச்சை விலகியிருந்தது. கேமரா விட்டுவிட்டது, நான் பிடித்தேன். "இதையெல்லாம் யாரு பாக்கப் போறா" என்றார் முதலாளி. இவர் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் நின்றுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னது சரி, மெஷினுக்குத் தெரியலன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார் இவர். "மெஷின் பூட்டுன சந்தோஷத்துல வாயை மூடிட்டேன். ரெண்டு வருஷமா உறுத்துது."

இரண்டு வருஷமாக இதற்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. கேட்டதும் கோபம் வரவில்லை, பசி வந்தது. இவரே உப்புமா கிண்டினார். கட்டி கட்டியாக இருந்தது, முழுவதும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

மோமோசே வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கோவம் உங்க மேல இல்ல. ஊசியப் பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துமேல கோவம்" என்றார். போன் இதை மூன்று விதமாக மொழிபெயர்த்தது. மூன்றும் ஒன்றுதான் என்று பட்டது.

கடைசி வண்ணத்தை நாளைக்கு அடிக்கலாமா என்று கேட்டார். கருநீலம் எவ்வளவு அடர்த்தி வைக்கலாம் என்று என்னையே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

முடிந்தது. தலைத்துணி முடிச்சில் கருநீலம் உட்கார்ந்ததும் மூன்று பெண்களுக்கும் உயிர் வந்துவிட்டது. நடுவில் இருப்பவள் இப்போது திரும்பி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று இருக்கிறது. இன்று முழுக்க நான் பாடிக்கொண்டே வேலை செய்தேனாம். எனக்குத் தெரியவில்லை, டோஃபு கடைக்காரர் சொன்னார்.

மார்ச் 2, ஞாயிறு

நிஷிமுரா டோக்கியோவிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர், ஓயாமல் கைக்கடிகாரம் பார்க்கிறார். அவருக்கு இருபத்தைந்து தாள் வேண்டும். மோமோசே இருபத்தெட்டையும் பரப்பி வைத்து, "நல்லதா எடுத்துக் குடுங்க" என்று லென்ஸை என்னிடம் தந்தார்.

இரண்டு மணிநேரம் பார்த்தேன். ஒன்பதைத் தள்ளினேன். மூன்றில் பச்சை அசைந்திருந்தது, நாலில் நீலம் மெலிவு, இரண்டில் ஊசித் துளை மூடவில்லை. ஒன்பதும் நான் தேய்த்ததுதான். பத்தொன்பது நின்றது.

நிஷிமுரா தள்ளினதை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். "இதையெல்லாம் யாரும் பாக்கப் போறதில்ல மோமோசே சான்."

"இவங்க பாத்துட்டாங்க" என்றார் மோமோசே.

ஒன்பது தாளையும் வாங்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாகக் கிழித்தார். நிஷிமுரா கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பிறகு அட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல ஒரே பெயர் போட்டுவிடலாம், உதவிக்கு ஒருத்தர் இருந்தது யாருக்கும் தெரியாது, இத்தனை வருஷம் அந்த ஒரு வரிக்காகவே உங்கள் படத்தைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் நயமாகச் சொன்னார். தப்பான மனுஷன் இல்லை. மோமோசேயின் நல்லதுக்குத்தான் சொன்னார்.

மோமோசே யோசித்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய்க் கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். முப்பது வருஷத்து வரியை என்னால் அவர் இழக்கக் கூடாது என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், என் பெயர் வந்தால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் போனபோது பத்தொன்பது தாளும் மேஜையில் வரிசையாக இருந்தன. மோமோசே கீழே வலது ஓரத்தில் இடது கையால் பென்சிலில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துப் பழகுகிற பிள்ளையின் கையெழுத்து மாதிரி கோணலாக இருந்தது. பத்தொன்பதுக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று.

பிறகு பென்சிலை என் பக்கம் நீட்டி, இடது ஓரத்தைக் காட்டினார்.

"வேண்டாம். நான் கைதானே" என்றேன்.

"கை ஊசி எடுத்துட்டு ஓடி வராது" என்றார்.

அட்டைக்கு எழுதிக் கொடுத்ததைக் காட்டினார். ஒரு வரி இரண்டாகியிருந்தது. வரைந்தது, செதுக்கியது மோமோசே சுமிகோ. அச்சிட்டது, அதற்குப் பிறகு வெற்றிடம். என் பெயரை ஜப்பானி எழுத்தில் தப்பாக எழுதிவிடுவோமோ என்று விட்டு வைத்திருக்கிறார். நிஷிமுராவிடம் போனில் காலையிலேயே சொல்லிவிட்டாராம். அவர் என்ன சொன்னார் என்றேன். "பேர எப்படி எழுதணும்னு கேட்டார்" என்றார். நாளைக்கு இந்த வரிக்காக வருகிறவர்கள் வராமல் போனால் என்று இழுத்தேன்.

"வர்றவங்க படத்தப் பாக்கட்டும்" என்று பென்சிலை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

அப்போது அவரிடம் ஒன்று சொன்னேன். அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆனால் எல்லாம் கழித்த தாள்கட்டின் மேல்தான். தப்பான கட்டில் சிவப்புப் பென்சிலால் என் இனிஷியல் போட்டுத் தள்ளிவைக்க வேண்டும். நல்ல கட்டில் ஒன்றும் போடக் கூடாது, அப்படியே லாரிக்குப் போய்விடும். நல்ல தாளில் என் பெயர் இதுவரை ஏறினதில்லை. போன் மொழிபெயர்த்து முடிக்கிறவரை மோமோசே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முதல் தாளை என் முன்னால் நகர்த்தினார்.

பழக்கதோஷம், உடனே எழுதவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தேன். ஆவி, முடிச்சு, கீரை, தொட்டியின் கோடி.

"ஏதாவது இருக்கா?" என்றார் மோமோசே.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கு" என்றேன். இனிஷியல் இல்லாமல், செண்பகவல்லி என்று தமிழில் முழுசாக எழுதினேன்.

எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நல்ல தாள், ஈரம் படக் கூடாது. பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் தள்ளிப் போய் நின்று அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மீதிப் பதினெட்டிலும் போட்டேன்.